மூன்றாவது ரைடில் நான் லாபியை மிதித்தேன்

போன மாதம் எங்கள் கபடி வாட்ஸப் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. அமீரகத்தில் நம் ஆட்கள் நடத்தும் போட்டிகளுக்கு ஒரு புது விதி. தலையில் அடிபட்டவனை டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை களத்துக்குள் விடக் கூடாது. அவன் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்தாலும் அவன் இடத்துக்கு வேறு ஆளை இறக்கிக்கொள்ளலாம்.

படித்துவிட்டுப் பசங்கள் சிரித்தார்கள். "இனிமே தும்மினாக்கூட ஆம்புலன்ஸ்தான்" என்று ஒருத்தன் போட்டான். இன்னொருத்தன் என்னை இழுத்தான். "மணி அண்ணே, நீங்கள்லாம் பல்லு விழுந்தா துப்பிட்டு ஆடுனவங்க. நீங்களே சொல்லுங்க, இது கபடியா, பரதநாட்டியமா?"

பல்லைத் துப்பிவிட்டு ஆடியது உண்மைதான். மேல் வரிசையில் இரண்டு இல்லை. பதில் எழுதப் போனை எடுத்தேன். கட்டைவிரலால் தட்டித் தட்டி அரை மணி நேரம் ஆகியும் முடியவில்லை. அதனால் நோட்டில் எழுதி, தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பிழை திருத்தி, இங்கே அனுப்புகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். பதினாறு வயதில் மாவட்ட அணிக்கு ஆடினேன். பத்தொன்பதில் மாநில முகாமுக்குக் கூப்பிட்டார்கள். பதினெட்டு நாள் முகாம். கடைசி நாள் வரிசையாக நிற்கவைத்துப் பெயர் வாசித்தார்கள். பன்னிரண்டு பெயர். என் பெயர் இல்லை. வாசித்தவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். வாசிக்க இன்னும் ஒரு தாள் இருக்கும் என்று நினைத்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போகலாம் என்றால் பத்தாவது பாஸ் வேண்டும். பெரிய லீக் வந்தபோது ஏலப் பட்டியலில் என் பெயரை ஏற்றவே ஆளில்லை. ஏலத்தில் விலை போகாதவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவர்கள் பெயரையாவது ஒரு தடவை வாசித்தார்களே.

பிறகு சவுதி. யான்பு சுத்திகரிப்பு ஆலையில் சாரம் கட்டும் வேலைக்கு ஹெல்ப்பர். கேம்ப்புக்குப் பின்னால் மணல் தரையில் பாகிஸ்தானியர்கள் மாலை நேரத்தில் கபடி ஆடுவார்கள். அங்கேதான் தங்கராசுவைப் பார்த்தேன். ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். இரண்டு பேர் மட்டும் தமிழ் என்பதால் எங்களை ஒரே பக்கம் ஓரத்தில் நிற்கவைத்தார்கள். அவன் இடது கார்னர். நான் அவனுக்கு அடுத்த இடம், 'இன்' என்பார்கள். அப்படி ஆரம்பித்து ஒன்பது வருடம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாடி வருகிற ரைடரை மடக்கக் கார்னரும் 'இன்' ஆளும் கை கோர்த்து நிற்பார்கள். ஓரத்தில் நிற்கிற கார்னருக்குத்தான் வருகிறவன் கால் முழுதாகத் தெரியும். எப்போது பாய்வது என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும். வாயால் சொன்னால் எதிராளிக்குக் கேட்கும். அதனால் கையால் சொல்வோம். ஒரு அமுக்கு என்றால் நில். இரண்டு அமுக்கு என்றால் போ. இரண்டாவது அமுக்கு முடிவதற்குள் தங்கராசு காலைப் பிடித்திருப்பான், நான் மேலே விழுந்திருப்பேன். ஒரு நாளும் அவன் கை தப்பாகச் சொன்னதில்லை. அவன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெண் காப்பி கொண்டுவந்ததும் கையில் இரண்டு அமுக்கு அமுக்கினான்.

யான்பு வேலை முடிந்ததும் சும்மா இருக்கவில்லை. கத்தார், பஹ்ரைன், திரும்பவும் சவுதி, அப்புறம் ராஸ் அல் கைமா. எனக்கு ஒரு இடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் கால் அரிக்கும். ராஸ் அல் கைமாவில் ஓடு சுடும் ஆலை. அங்கே எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. போட்டியில் எண்பது கிலோவுக்கு மேல் இருந்தால் எடை போடும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தங்கராசு எண்பத்து மூன்று. போட்டிக்கு முந்தின நாள் அவனுக்கு மழைக்கோட்டை மாட்டி, சூளையிலிருந்து ஓடு வெளியே வருகிற வாய்ப் பக்கம் நிறுத்துவோம். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ போய்விடும். நாக்கு காய்ந்து பேச்சு வராது. பங்களாதேஷ் ஃபோர்மேன் பார்த்துவிட்டு, "யே பாகல் ஹை க்யா?" என்று கேட்டுவிட்டுப் போவான். பைத்தியமா என்று கேட்டதில் தப்பில்லை.

அங்கே ஒரு போட்டியில் எங்களைப் பார்த்துத்தான் கருணாகரன் சார் ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டார். ஒரு பெரிய ஒப்பந்தக் கம்பெனி. முவைலாவில் அவர்களுக்குக் கேம்ப். கம்பெனி முதலாளிக்குக் கபடிப் பைத்தியம். அணியில் இருப்பவர்களுக்கு விசாவில் ஹெல்ப்பர் என்று எழுதியிருக்கும். ஆனால் மதியம் ஒரு மணிக்கு டூட்டி முடிந்துவிடும். நாலு மணிக்குப் பயிற்சி. அதாவது ஆட்டத்துக்குச் சம்பளம். முகாமில் பெயர் வாசிக்காதவனுக்கு இருபத்தெட்டு வயதில் இது கிடைத்தது.

கருணாகரன் சார்தான் அணி மேனேஜர். மெலிந்த மனிதர், எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எல்லாரும் தம்பிதான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் 'சரியா' என்பார். ஆனால் நாம் பதில் சொல்லக் காத்திருக்க மாட்டார். சட்டைப் பையில் ஒரு நகவெட்டி இருக்கும். கபடியில் ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் நகம் பார்ப்பார், உடம்பில் எண்ணெய் பூசியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். நடுவர் பார்ப்பதற்கு முன்னால் இவர் பார்ப்பார். பன்னிரண்டு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்து, தரையில் முட்டி போட்டு, ஒவ்வொருவர் காலையும் எடுத்து மடியில் வைத்து நகத்தை வெட்டிவிடுவார். முதல் தடவை எனக்குக் கூச்சத்தில் கண் கலங்கிவிட்டது. என் காலை அப்படி யாரும் எடுத்து வைத்ததில்லை.

அதே மனிதரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. அவரவர் ஜெர்சியை அவரவர்தான் துவைப்போம். ஆனால் சில சமயம் ஆட்டம் முடிந்ததும் ஒருத்தன் முன்னால் வந்து நின்று கையை நீட்டுவார். "ஜெர்சியைக் கொடு தம்பி, துவைக்கப் போடணும். சரியா?" அவ்வளவுதான். அந்த ஜெர்சி திரும்பி வராது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவனுக்கு சைட் பஸ், முழு நாள் கட்டட வேலை. விசா முடியப்போகிறவன் என்றால் விமான டிக்கெட். கெட்ட வார்த்தை ஒன்று கிடையாது, சண்டை கிடையாது, கலாஸ், முடிந்தது. அதனால் ஆட்டம் முடிந்து அவர் எங்கள் பக்கம் நடந்து வந்தாலே எல்லாரும் பாத்ரூமுக்கு ஓடுவோம். ஒரு தடவை சஜி என்கிற எங்கள் மலையாளி ரைடர் ஜெர்சியைக் கழற்றித் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தான். "சார், ஜெர்சி மாஃபி", இல்லை என்று கையை விரித்தான். அவர் சிரித்தார். அன்று அவர் வேறு ஆளைத் தேடி வந்திருந்தார்.

எனக்கு வலது முட்டியில் ஜவ்வு கிழிந்தபோது நான் சொல்லவில்லை. ஏழு மாதம் உறை மாட்டி ஆடினேன். எல்லாரும் அப்படித்தான். சொன்னால் ஜெர்சிக்குக் கை நீளும். இது தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும்.

அது ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை. ஒரு பள்ளி மைதானத்தில் பாய் விரித்து, மேலே துணிப் பந்தல் போட்டிருந்தார்கள். காலையில் அரையிறுதி, மாலை நாலு மணிக்கு இறுதி. அந்த வாரம் கருணாகரன் சார் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். விசா முடியப்போகிறவர்களில் யாரைப் புதுப்பிப்பது என்ற பட்டியலை இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் கொடுக்கப்போகிறார். தங்கராசுவின் விசா அடுத்த மாதம் முடிகிறது. அவனுக்கு அப்போது முப்பத்திரண்டு. இரண்டு பெண் குழந்தைகள். கபடியைத் தவிர ஒரு தொழிலும் உருப்படியாகத் தெரியாது.

அரையிறுதி முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது அவன் ஒரு ரைடரின் கணுக்காலுக்குப் பாய்ந்தான். கால் கிடைத்தது. ஆனால் அந்த ஆளின் மறுகால் முட்டி இவன் காதுக்கு மேலே இறங்கியது. தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு விநாடி கிடந்தான். எழுந்தான், சிரித்தான், டவுசரை இழுத்துவிட்டுக்கொண்டான். நாங்கள் ஜெயித்தோம். எல்லாரும் முதுகில் தட்டினார்கள்.

மதியம் வேனில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிரியாணிப் பொட்டலம். தங்கராசு கண்ணை மூடிக்கொண்டு, "மாப்ளே, வெளிச்சம் குத்துது" என்றான். திரையை இழுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பாடு இன்னும் வரலையா?" என்று கேட்டான். காலிப் பொட்டலம் அவன் மடியில் இருந்தது.

"ஏல, இப்பத்தான தின்ன?"

"ஆமால்ல" என்று சிரித்தான். அப்புறம், "காலைல யார்கூடடா ஆடினோம்?"

நான் எழுந்தேன். "சார்ட்ட சொல்லுதேன்."

என் மணிக்கட்டைப் பிடித்தான். அந்தப் பிடி எனக்குத் தெரியும், கணுக்காலைப் பிடிக்கிற பிடி. "மாப்ளே, சொன்னா நான் முடிஞ்சேன். பட்டியல் நாளைக்கு. ஊருக்குப் போயி நான் என்ன மாடா மேய்ப்பேன்? மாடும் இல்ல. ஒரே ஒரு மேட்ச். உன் புள்ளைங்க மேல சத்தியம் பண்ணு."

"எனக்குப் புள்ளையே இல்லைல."

"அப்ப என் புள்ளைங்க மேல பண்ணு."

பண்ணினேன். மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை எனக்கு நேரம் இருந்தது. அந்த மூன்று மணி நேரமும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என் ஆட்ட வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். பின்னால் களத்தில் செய்ததை எல்லாரும் தப்பு என்றார்கள். அது தப்பில்லை.

மூன்றரைக்குச் சார் வந்து நகம் வெட்டினார். தங்கராசுவின் காலை மடியில் வைத்து, "தம்பி, கார்னர்தான் இன்னைக்கு ஆட்டம், சரியா?" என்றார். அவன் தலையாட்டினான்.

ஆட்டம் ஆரம்பித்தது. எதிர் அணி அபுதாபி கம்பெனி, பாதிப் பேர் பஞ்சாபிகள். நானும் தங்கராசுவும் கை கோர்த்து நின்றோம். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு ரைடர் வலது ஓரத்தில் பாடிக்கொண்டிருந்தான், எங்களிடமிருந்து பத்தடி தள்ளி. தங்கராசு கை இரண்டு அமுக்கு அமுக்கியது. போ.

நான் போகவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவன் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ரைடு. ரைடர் இன்னும் கோட்டையே தாண்டவில்லை. திரும்பவும் இரண்டு. பிறகு இரண்டு, இரண்டு, இரண்டு. அவன் கை தானாக அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கையை ஒன்பது வருடமாகத் தெரியும். உள்ளே ஆள் இல்லை.

இடைவேளைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு ரைடர் சும்மா கையை நீட்டி அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். தங்கராசு நகரவே இல்லை. அவுட். வெளியே போய் உட்காரும் கட்டத்துக்குப் போக வேண்டும். அவன் எதிர் அணியின் கட்டத்துக்குப் போனான். கோட்டு நடுவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். கூட்டம் சிரித்தது. "பாய், கம்பெனி மாறிட்டியா?" என்று ஒருத்தன் கத்தினான்.

இப்போது விதியைச் சொல்ல வேண்டும். எதிராளி ஒருத்தன் அவுட்டானால் நம் ஆள் ஒருத்தன் உயிர்பெற்று உள்ளே வருவான். முதலில் அவுட்டானவன் முதலில் வருவான். வரிசையில் முதல் ஆள் தங்கராசு. அவுட்டாகி உட்கார்ந்திருப்பவனுக்கு அப்போதெல்லாம் மாற்று ஆள் இறக்க முடியாது. அவன் உள்ளே வந்த பிறகுதான் மாற்றலாம். ஒரே ஒரு வகைப் புள்ளியில் மட்டும் யாரும் உயிர்பெற மாட்டார்கள். அது போனஸ். எதிர்ப் பக்கம் ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது, அவர்கள் பின்கோட்டுக்கு முன்னால் இருக்கிற போனஸ் கோட்டை ஒரு காலால் தாண்டி, மறுகாலைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்தால் ஒரு புள்ளி. யாரையும் தொட வேண்டாம்.

நான் போய் போனஸ் எடுத்தேன். இடைவேளை விசில் அடித்தது. இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம்.

நேராகச் சாரிடம் போனேன். "சார், தங்கராசுக்குத் தலையில அடி. காலைல பட்டது. அவன இனி உள்ள விடாதீங்க."

"அவன் சொன்னானா?"

"அவன் சொல்ல மாட்டான் சார். கை சொல்லுது."

அவர் தங்கராசு பக்கம் திரும்பினார். "தம்பி, ஆடுவியா?"

"ஆடுவேன் சார்" என்றான் தங்கராசு. குரல் சுத்தமாக இருந்தது.

"ஆடுறேன்கிறான். உள்ள வரட்டும், பாத்துக்கலாம். நீ ரைடைப் பாரு, சரியா?"

பாத்துக்கலாம் என்றால் எங்கள் கம்பெனியில் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று அர்த்தம். மாற்றுக் கார்னர் ஒருத்தன் இருந்தான். ஆனால் இறுதி ஆட்டத்தில் இறக்கும் அளவுக்கு அவன் தேறவில்லை. அது எனக்கும் தெரியும்.

இரண்டாம் பாதி. நான் ஒரு முடிவோடு உள்ளே போனேன். யாரையும் தொடுவதில்லை. போனஸ் மட்டும். ஒன்று எடுத்தேன். சமன் ஆக ஒன்று பாக்கி. அவர்கள் வந்து யாரையும் தொடாமல் திரும்பினார்கள். நான் திரும்பப் போய் இன்னொரு போனஸ். கூட்டம் கத்தியது. அவர்கள் ரைடர் எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் பயம். நம் ஆட்கள் பிடித்துவிட்டால் தங்கராசு உள்ளே வந்துவிடுவான். வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்கள் பக்கம் பிடி விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டு களத்தில் நின்றேன். வலது கார்னர் ஒருத்தன் இடுப்பைப் பிடித்தான். என் இரண்டு கையும் முன்னால் போய்விட்டது, பழக்கம். பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவன் உருவிக்கொண்டு ஓடினான்.

"டேய், ஏன்டா வரல?" என்று வலது கார்னர் கத்தினான். நான் என் இடத்துக்குப் போய் நின்றேன்.

எதிர் அணியும் முட்டாள் இல்லை. நான் போனஸுக்கு மட்டும் வருகிறேன் என்று தெரிந்ததும் கோட்டை அடைத்து நின்றார்கள். வெறுங்கையோடு திரும்பினேன். அடுத்து சஜி போனான், அவனும் வெறுங்கை. அடுத்தடுத்து இரண்டு ரைடு வெறுமையானால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் திரும்பினால் போனவன் அவுட்.

மூன்றாவது எனக்கு. கிளம்பும் முன்னால் கருணாகரன் சார் பாயின் ஓரத்துக்கு வந்தார். மெதுவாகச் சொன்னார். "மணித் தம்பி, ஜெர்சி ரொம்ப அழுக்கா இருக்கு. சரியா?"

ஜெர்சியை டவுசருக்குள் செருகிக்கொண்டேன்.

உள்ளே போனேன். முப்பது விநாடி. போனஸ் கோட்டில் ஆள் மேல் ஆள். இடது கார்னர், நீளக் கையோடு ஒரு பஞ்சாபி, அவசரப்பட்டுப் பாய்ந்து தவறி என் காலடியில் கை ஊன்றினான். அந்தக் கை என் பாதத்திலிருந்து ஒரு சாண் தூரம். கால் கட்டைவிரலை நீட்டினால் புள்ளி. பதினாறு வயதிலிருந்து என் கால் தானாகச் செய்கிற வேலை அது. வெளியே கட்டத்தில் தங்கராசு எழுந்து நின்றுவிட்டான். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாயால் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே இரண்டடி பக்கவாட்டில் வைத்து லாபியை மிதித்தேன்.

லாபி என்பது களத்தின் இரண்டு ஓரத்துப் பட்டை. யாரையாவது தொடுவதற்கு முன்னால் அதில் கால் வைத்தால் அவுட். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. கூட்டம் ஊளையிட்டது. "அண்ணே, கண்ணாடி போடுங்க!"

போய்த் தங்கராசு இருந்த கட்டத்தில் உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்த்து, "மேட்ச் எப்ப ஆரம்பிக்கும்?" என்றான்.

நான் யோசிக்காதது ஒன்று இருந்தது. இப்போது எங்கள் பக்கம் நாலு பேர்தான். அவர்கள் வந்து இரண்டு பேரை ஒரே ரைடில் எடுத்தார்கள். சஜி போய் மாட்டினான். கடைசி ஆளையும் தொட்டார்கள். ஆல் அவுட். ஆல் அவுட் ஆனால் எதிர் அணிக்குக் கூடுதல் புள்ளி. அதோடு எங்கள் ஏழு பேரும் உயிர்பெற்று பத்து விநாடிக்குள் களத்துக்குள் வர வேண்டும். ஏழு பேரும். எந்த வாசலை அடைக்க லாபியை மிதித்தேனோ அந்த வாசலை நானே அகலமாகத் திறந்துவிட்டிருந்தேன்.

தங்கராசு உள்ளே நடந்தான். சாரைப் பார்த்தேன். கையைத் தூக்கினால் போதும், ஆளை மாற்றலாம். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் இடத்தில் போய் நின்றோம். அவன் கையைப் பிடித்தேன். ஈரத்துணி மாதிரி இருந்தது. அமுக்கினேன். பதில் இல்லை. எதிர் அணி ரைடர், நல்ல கனமான ஆள், கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினான்.

நான் தங்கராசு கையை விடாமல் அப்படியே பாயில் உட்கார்ந்தேன். அவனையும் இழுத்து உட்காரவைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

விசில். நடுவர் மங்களூர்க்காரர், ஓடி வந்தார். "க்யா ஹுவா? உட்டோ, உட்டோ!" எங்கள் ஆட்களும் எழுந்திரு, எழுந்திரு என்று சேர்ந்து கத்தினார்கள். சஜி என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"உஸ்தாத், இஸ்கோ பூச்சோ" என்றேன். இவனைக் கேளுங்கள். "எங்க இருக்கோம்னு கேளுங்க."

நடுவர் குனிந்தார். "பாய், யே கௌன்ஸா ஜகா ஹை?"

தங்கராசு அவரைப் பார்த்துச் சிரித்தான். மரியாதையான சிரிப்பு. பிறகு என்னிடம் தமிழில் சொன்னான்: "யான்புன்னு சொல்லுடா. நாளைக்கு ஷட்டவுன் டூட்டி, சீக்கிரம் விடச் சொல்லு."

யான்புவை விட்டு வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. யான்பு என்ற சொல் நடுவருக்குப் புரிந்தது. அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது தங்கராசு வாந்தி எடுத்தான். பிறகு கண் திறக்கவில்லை.

நான் ஆம்புலன்ஸில் ஏறிவிட்டேன். மிச்ச ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றது.

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. திறந்து எடுத்தார்கள். இன்னும் ஒரு அடி பட்டிருந்தால், அல்லது இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று டாக்டர் சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "எப்போது அடிபட்டது?" பதினொரு மணிக்கு என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது கருணாகரன் சார் வந்தார். அதே வெள்ளைச் சட்டை. முன்னால் நின்று கையை நீட்டினார்.

"ஜெர்சியைக் கொடு தம்பி. துவைக்கப் போடணும்."

'சரியா' என்று கேட்கவில்லை. கழற்றிக் கொடுத்தேன். பிறகு நர்ஸிடம் போய்த் தங்கராசு ஜெர்சியைக் கேட்டார். ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தாள். ஜெர்சியை நெஞ்சுப் பக்கம் நேராகக் கத்தரியால் வெட்டியிருந்தார்கள், இரண்டு துண்டு. அவர் இரண்டையும் எடுத்துப் பொருத்திப் பார்த்தார். நம்பர் சேரும்படி வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என் ஜெர்சியை என் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். நான் அதைப் போடவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு போர்வை கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் உள்ளே விட்டார்கள். தங்கராசு தலை முழுக்கக் கட்டு. டாக்டர் அவன் கையில் விரலை வைத்து, அமுக்கு என்றார். அமுக்கினான். மறுகை. அதுவும் அமுக்கினான். டாக்டர் போன பிறகு நான் கையை வைத்தேன். கண் திறக்காமல் ஒரு அமுக்கு அமுக்கினான். நில். நான் நின்றேன்.

இரண்டு பேருக்கும் விசா புதுப்பிக்கவில்லை. அவன் இப்போது ஜெயங்கொண்டத்தில் மாமனாரின் உரக்கடையில் உட்காருகிறான். இடது கால் கொஞ்சம் இழுக்கும். நான் ஊரில் ஒரு வருடம் இருந்து, கால் அரித்து, மறுபடி துபாய் வந்து ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறேன். ஆடுவதில்லை.

புது விதி வந்ததும் முதலில் அவனுக்குத்தான் போன் செய்தேன். படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டான்.

"மாப்ளே, ரொம்ப நாளா ஒன்னு கேக்கணும்னு இருந்தேன்" என்றான். "வேன்லயே ஏன்டா சொல்லல?"

"நீதானல சத்தியம் வாங்கினே? புள்ளைங்க மேல."

"சாப்ட்டமா இல்லையான்னு தெரியாதவன் நான். எங்கிட்டப் போயி கேட்டுக்கிட்டு நின்ன பாரு. மண்டை ஒடஞ்சவன் பேச்சை எவனாச்சும் கேப்பானாடா?"

சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன். கடையில் யாரோ யூரியா கேட்டார்கள், போனை வைத்துவிட்டான்.